ஈரத்தில் வந்த பச்சை

அந்தப் பட்டறையில் சிவப்பு விளக்கை யாரும் நம்பியதில்லை. பச்சையை எல்லோரும் நம்பினார்கள். நடந்த அநியாயம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ஆதியிலிருந்து சொன்னால்தான் யார் செய்த தவறு யார் தலையில் விடிந்தது என்று விளங்கும்.

குளியலறையில் வெந்நீர் போடுகிற கேஸ் ஹீட்டருக்குப் பித்தளை வால்வு செய்யும் பட்டறை அது. கடைசி மேஜையில் கசிவு பார்க்கிறவள் அவள். பதினொரு வருஷமாக அதே மேஜை, அதே முக்காலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்பதால் எல்லோரும் அவளைக் 'கழுகு' என்று கூப்பிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பெயரில் ஒரு பெருமையும் வந்துவிட்டது. அந்தப் பெருமையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பின்னால் அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

வேலை சுலபம்தான். வால்வை இரண்டு ரப்பர் வாய்களுக்கு நடுவில் இறுக்கி, உள்ளே காற்றை அடைத்து, குழாயை மூடிவிட வேண்டும். பத்து விநாடி இயந்திரம் அழுத்தத்தைப் பார்க்கும். அழுத்தம் குறையாவிட்டால் பச்சை, குறைந்தால் சிவப்பு. இதில் சிக்கல் என்னவென்றால், ஓட்டை இல்லாமலும் அழுத்தம் குறையும். வெந்நீரில் கழுவிய வால்வு சூடு ஆறுமுன் மேஜைக்கு வந்தால், உள்ளே இருக்கும் காற்று ஆறும்போதே சுருங்கிவிடும். இயந்திரத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, சிவப்பைக் காட்டிவிடும். மின்விசிறிக் காற்று பட்டால் சிவப்பு. ரப்பர் தேய்ந்திருந்தால் சிவப்பு. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை பொய் சொல்கிற விளக்கை எவர்தான் மதிப்பார்?

அதனால் ஆறவிட்டு மறுபடி மாட்டிப் பார்ப்பார்கள், பெரும்பாலும் பச்சை வந்துவிடும். எப்போதாவது அப்படியும் சிவப்பே காட்டிய வால்வைப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்று விட்டு, குமிழி வருகிறதா என்று ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். வராவிட்டால் துணியால் துடைத்து மறுபடி இயந்திரத்தில் மாட்டுவார்கள். பச்சை வந்துவிடும். 'சொன்னேன் இல்ல' என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியில் போடுவாள் கழுகு.

அவள் வீட்டுக்காரர் கேஸ் ஃபிட்டர். பட்டறைக்கும் அவருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் அவள் பார்த்து அனுப்பிய வால்வுகள் இருக்கும் ஹீட்டர்களைத்தான் வீடு வீடாகப் போய் மாட்டுவார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னிக்கு உன் பிள்ளைங்க மூணு பேரைக் குடிவெச்சிட்டு வந்தேன்" என்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அது வேடிக்கையாகவும் இருக்கும், வேறு மாதிரியாகவும் இருக்கும். அவள் சிரித்துவிடுவாள்.

ஒரு நாள், அவர் ஹீட்டர் மாட்டிய ஒரு வீடு தீப்பிடித்தது. ஒரு சைக்கிள் கடைக்காரரின் வீடு. மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் வெளியே போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது கடைக்காரர் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருக்க, மனைவி முன்னால் போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. வீட்டுக்குள் தேங்கியிருந்த கேஸ் வெடித்தது, அவள் பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. வெந்துபோன ஹீட்டரில் வால்வை ஒட்டிய நட்டு அரைச்சுற்று தளர்ந்திருந்தது. தீயில் தளர்ந்ததா, முன்பே தளர்ந்திருந்ததா என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. வால்வுக்குச் சோதனைச் சீட்டு இருந்தது, அதில் முத்திரையும் இருந்தது. ஃபிட்டர் கைக்கு எந்தச் சீட்டு இருக்கிறது? பழி அவர் மேல் விழுந்தது. உரிமத்தைப் பறித்தார்கள். விசாரணை முடிந்து வெளியே வரும்போது சைக்கிள் கடைக்காரர் கையில் தீக்காயக் கட்டோடு வந்து, அத்தனை பேர் முன்னால் ஃபிட்டரின் சட்டையைப் பிடித்தார். அடிக்கவில்லை. பிடித்தபடி நின்றார், பிறகு விட்டுவிட்டார்.

அதிலிருந்து ஃபிட்டர் வேலைக்குப் போகவில்லை, வேறு வேலை தேடவும் இல்லை. அவரைத் தின்றது உரிமம் போனது இல்லை. ஹீட்டர் மாட்டிய அன்று காலை அந்த நட்டை இரண்டாவது சுற்று முறுக்கினோமா, சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தோமா என்பது அவருக்கே நினைவில்லை. இருபது வருஷம் செய்த வேலை, கை தானாகச் செய்யும், மனசில் எங்கே பதியும்? ஒரு நாளைக்கு நூறு தடவை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது வலது கை விரல்கள் காற்றில் எதையோ முறுக்கும்.

போதாக்குறைக்கு அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அன்று காலை இருவருக்கும் சண்டை, வாடகை வீட்டை மாற்றுவதா வேண்டாமா என்று. அவர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். விசாரணைக்குப் பிறகு ஒரு நாள், அவர் நூற்றோராவது தடவையாக "நான் முறுக்கினேனா இல்லையா" என்று கேட்டபோது, சலித்துப்போய் அவள் சொன்னாள்: "கோவத்துல விட்டிருப்பீங்க. விடுங்களேன் இப்போ."

அவர் விடவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது, அதுவும் பெண்டாட்டி வாயிலிருந்து. வாயில் வந்ததைத் திரும்ப எடுத்து விழுங்க முடியுமானால் அவள் அதற்குப் பிறகு வேறு எதையும் சாப்பிட்டிருக்கமாட்டாள். அவர் கை சுத்தம் என்று யாராவது வந்து நிரூபித்துக் காட்டமாட்டார்களா என்று அவள் வேண்டாத நாள் இல்லை.

இனித் திருடன் கதைக்கு வருகிறேன்.

இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே மயிரிழை ஓட்டை போட்ட வால்வு ஒன்று பெட்டியில் இருக்கும். காலையில் முதல் வேலையாக அதை மாட்ட வேண்டும். கட்டாயம் சிவப்பு வர வேண்டும். அதற்குப் பட்டறையில் வைத்த பெயர் திருடன். "திருடன் மாட்டினானா?" என்று கேட்டபடியே சூப்பர்வைசர் ஒவ்வொரு நாளும் உள்ளே வருவார். "மாட்டினான் சார்" என்பாள் அவள். பதினொரு வருஷத்தில் திருடன் ஒரு நாளும் தப்பித்ததில்லை.

வீடு தீப்பிடித்து எட்டு மாதம் ஆன ஒரு காலையில் அவள் முழங்கை இடித்துப் பெட்டி சரிந்தது. திருடன் உருண்டு போய்த் தொட்டிக்குள் விழுந்தான். கையை விட்டுத் துழாவி எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, மாட்டினாள். பச்சை.

"இந்தா பாருடி, திருடன் தப்பிச்சிட்டான்" என்றாள், பெட்டி கட்டுகிற பெண்ணிடம்.

"குளிச்சிட்டு வந்திருக்கான்ல, யோக்கியனாயிட்டான் போல" என்றாள் அந்தப் பெண். இருவரும் சிரித்தார்கள்.

மறுபடி மாட்டினாள். பச்சை. ரப்பரை மாற்றி மாட்டினாள். பச்சை. இயந்திரம் கெட்டுப்போச்சு என்று நினைத்து, திருடனைக் கழுவும் இயந்திரத்தின் சூடான மூடி மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து, ஆறவிட்டு, மாட்டினாள். சிவப்பு.

தூக்கிப் பிடித்து அந்த மயிரிழை ஓட்டையைப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அதற்குள் என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டது. தண்ணீர் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. துணி துடைத்தது மேல் ஈரத்தைத்தான். அவ்வளவு சின்ன ஓட்டைக்குள் புகுந்த தண்ணீரை இயந்திரத்தின் காற்று தள்ளாது, அதற்கு அந்த அளவு பலம் இல்லை. ஈரம் காய்ந்தால் ஓட்டை திறந்துகொள்ளும். காய்வதற்குள் பார்த்தால் பச்சை.

அப்படியானால் தொட்டியில் முக்கிப் பார்த்தவை எல்லாம்?

தொட்டியில் முக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காற்றைத் திறந்துவிட்டு அப்புறம் முக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகுதான் காற்றை மூட வேண்டும். உள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஓட்டைக்குள் நுழையாது, குமிழியும் உண்மையைச் சொல்லும். இவர்கள் செய்தது தலைகீழ். முதலில் முக்கி, பிறகு காற்றைத் திறந்தார்கள். அடைத்துக்கொண்ட ஓட்டையிலிருந்து குமிழி எங்கே வரும்? அந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் அவள்தான் ஆரம்பித்தாள். காற்றோடு முக்கினால் தண்ணீர் தெறித்துக் கை நனைகிறது, நாள் முழுக்க ஈரச் சட்டையோடு உட்கார முடியவில்லை. இப்படிச் செய்தால் நனையாது. மற்ற ஷிப்டுக்காரர்களும் பார்த்துவிட்டு, கழுகு செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே செய்தார்கள்.

மறுசோதனை நோட்டு இழுப்பறையில்தான் இருந்தது. முதலில் சிவப்பு, பிறகு தொட்டி, பிறகு பச்சை என்று போனதெல்லாம் அதில் இருக்கும். வெளியே போகிற சீட்டில் கடைசிப் பச்சை மட்டும்தான் வரும். அந்த வீட்டு வால்வின் எண் அவளுக்கு மனப்பாடம். விசாரணைக் கடிதத்தில் அதை எத்தனை தடவை படித்திருப்பாள். ஏழு மூன்று ஒன்று ஆறு. இந்த நோட்டில் அதைத் தேட வேண்டும் என்று மட்டும் எட்டு மாதத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. பச்சையைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

இருந்தது. சிவப்பு, தொட்டி, பச்சை. பக்கத்தில் அவள் கையெழுத்து, வால் நீட்டிய அழகான கையெழுத்து.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். இதைச் சொல்லத்தான் வேண்டும். 'அவர் முறுக்கியிருக்கார்' என்று ஒரு கணம் மனசு துள்ளியது. அடுத்த கணம் அந்தக் கையெழுத்து யாருடையது என்பது உறைத்தது. பெட்டி கட்டுகிற பெண் வந்து, "என்னக்கா, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டாள். அவள் நோட்டின் பக்கங்களைத் திருப்பி, அந்த மாதிரி போனவற்றை எண்ணினாள். நாற்பத்தொன்று.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூட வைக்காமல் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க அந்த நட்டை முறுக்கியிருக்கீங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதை எதுக்கு இப்போ?"

"வால்வுலதான் ஓட்டை. நோட்டுல இருக்கு. நான் பார்த்தேன்."

திருடன் தொட்டியில் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஃபிட்டர் அல்லவா, கேள்விகள் எல்லாம் ஃபிட்டர் கேள்விகளாகவே வந்தன.

"காய எத்தனை நேரம் ஆச்சு?"

"டீ குடிச்சிட்டு வர்ற நேரம்தான். சூட்டுல இருந்துச்சு."

"ஹீட்டர் எரியறப்போ அந்த வால்வு நல்லா சூடாகும். விரிசலா இருந்தா விட்டுக் குடுத்திருக்கும். அப்புறம் நாலு நாள் பூட்டின வீடு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்தப்போ நுரை வந்திருக்காது, அப்போ அது வெறும் மயிரிழை, இன்னும் விரியலை. அப்போ நான் பார்த்திருக்கேன். ரெண்டாவது சுத்தும் சுத்தியிருக்கேன்."

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். எட்டு மாதமாகக் கூனிக்கிடந்த முதுகு நிமிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தின் மேல் பழி போடுவதுபோல் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவர் இருந்துவிடட்டும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் கேட்டுவிட்டார்.

"யாரு அதைப் பார்த்துப் பாஸ் போட்டது?"

"நான்தாங்க."

சிரிப்பு போய்விட்டது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள், அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். அன்று தான் சொன்ன மாதிரி ஒரு வார்த்தையை அவரும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றுகூட ஒரு நப்பாசை.

அவர் அவள் கையிலிருந்து பையை வாங்கி ஓரமாக வைத்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. எனக்குப் பழகிடுச்சு. உனக்கு இது தாங்காதும்மா. நான் சொல்றதைக் கேளு, அந்த நோட்டை எடுத்து எரிச்சிடு."

எட்டு மாதம் அவரைத் தின்ற பழியை, இல்லை என்று தெரிந்த அரை மணிக்குள், தானே எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்: "அந்த மாதிரி இன்னும் நாப்பது போயிருக்குங்க. நாப்பது வீடு."

நாற்பது வீட்டிலும் யாராவது ஒருவர் முன்னால் போய் விளக்கைப் போடுவார்கள். அவர் எழுந்து கை கழுவிவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"சூப்பர்வைசர் வீடு எங்கேன்னு தெரியுமா? காலைல வரைக்கும் வெச்சிக்க வேண்டாம்."

பட்டறைக்காரர்கள் குதித்தார்கள், அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் வால்வுகளைத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் நாற்பதும் வந்து சேர்ந்தன. காயவைத்துப் பார்த்ததில் மூன்று நிஜமாகவே ஒழுகின. மற்ற முப்பத்தேழுக்கும் இயந்திரம் காட்டிய சிவப்புதான் பொய். அவள் வேலை போய்விட்டது, எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தின் மேல் இன்னொரு விசாரணை இருக்கிறது. அவருக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 'வருந்துகிறோம்' என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

சைக்கிள் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். கடிதம் அவருக்கும் போயிருக்கும், தேவையில்லை என்று ஃபிட்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மனிதர் சட்டையைப் பிடிப்பார், அறைவார், சாபம் விடுவார், வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அதனால் ஃபிட்டரும் கூடவே கிளம்பினார்.

கடை திறந்திருந்தது. கடைக்காரர் ஒரு சின்னச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தார். கையில் காய்ந்த தீக்காயத் தழும்பு முழங்கை வரைக்கும் இருந்தது. ஃபிட்டரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.

"நான்தான் அந்த வால்வைப் பார்த்தவ" என்றாள் அவள். "இவர் மேல தப்பு இல்ல. என் கைதான்."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கடுதாசி வந்துச்சு. படிச்சேன். மத்த வீட்டுலெல்லாம் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லங்க. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"சரி" என்றார். டியூபைத் துடைத்தார். பிறகு ஃபிட்டரிடம் திரும்பினார். "எட்டு மாசமா காலைல எழுந்ததும் உங்களைத்தான் திட்டுவேன். அதுக்கப்புறம்தான் பல்லே தேய்ப்பேன். அப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஓடுச்சு." அவளைப் பார்க்காமலே சொன்னார்: "நீங்க போங்கம்மா. இன்னொரு ஆளை முதல்லேர்ந்து வெறுக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் அசையவில்லை. ஃபிட்டர்தான் அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் மேல் தப்பில்லை என்று ஃபிட்டர் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில் எத்தனையோ பேர் அதை அவரிடம் சொல்லியிருந்தார்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டு, அவளை ஜன்னலோரமாக உட்காரவைத்தார். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் வீடு வரைக்கும் அவர் உட்காராமல், அவளை யாரும் பார்த்துவிடாதபடி மறைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.